காரை வாங்கியாயிற்று, பராமரிப்பு யார் கையில்?

யானையை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கினானாம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆற்றல் மிக்க வெளிநாட்டுக் காரை வாங்குகிற பலரின் நிலையும் இதுதான். ஆண்டுக்கணக்கில் ஆசைப்பட்டு, வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு, காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியாகிவிட்டது. அக்கம்பக்கத்தார் வந்து பார்க்கிறார்கள். பிள்ளைகள் படம் எடுத்துக் கொள்கிறார்கள். சில மாதங்களில் முதல் பெரிய சர்வீஸ் வருகிறது. கட்டணச் சீட்டைக் கண்டதும் அந்த மகிழ்ச்சியில் பாதி கரைந்துவிடுகிறது.

அப்போதுதான் வீட்டில் விவாதம் தொடங்குகிறது. "எண்ணெய் மாற்றுவதற்கா இவ்வளவு பணம்? நாமே செய்து கொள்ளலாம்" என்கிறார் ஒருவர். "விலை உயர்ந்த காரில் கை வைத்து விளையாடாதே. முகவரிடமே கொடு" என்கிறார் மற்றவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டிலும் ஆபத்தும் இருக்கிறது. பணத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் சரியான விடை கிடைக்காது. வேகமாக ஓடக்கூடிய ஒரு காரில் நடக்கும் தவறு, அதன் உரிமையாளரோடு நின்றுவிடுவதில்லை. பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் குடும்பமும் எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவரும் அதற்கு விலை கொடுக்க நேரிடும்.

இது ஏன் வேறு கார்?

எல்லாக் காருக்கும் நான்கு சக்கரம்தானே என்று நினைப்பது முதல் தவறு. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் காராக இங்கு வந்த சுபாரு இம்பிரெஸா எஸ்டிஐ போன்ற ஒரு காரை எடுத்துக் கொள்வோம். அதன் இஞ்சின் கொள்ளளவு 1,994 சிசிதான். அதே இரண்டு லிட்டர் அளவில் சாதாரணக் குடும்பக் கார்களும் உண்டு. ஆனால், அதன் ஜப்பானிய வகையில் 280 குதிரைத்திறன் வெளிப்படுகிறது. அந்தக் கூடுதல் ஆற்றலைத் தருவது டர்போ.

வெளியேறும் புகையின் வேகத்தால் டர்போவின் சிறு சக்கரம் சுழல்கிறது. அது நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் ஓடும். அதைச் சுற்றியிருக்கும் வெப்பமோ இரும்பு சிவக்கும் அளவுக்கு ஏறும். அந்தச் சுழல் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. எண்ணெயின் அளவு குறைந்தாலும், தரம் கெட்டாலும், தவறான வகையை ஊற்றினாலும் முதலில் பலியாவது டர்போ, அடுத்தது இஞ்சின்.

எல்லாக் காருக்கும் ஒரே எண்ணெய் பொருந்தாது என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. 2000ஆம் ஆண்டு முதல் 2006ஆம் ஆண்டு வரை தயாரான பிஎம்டபிள்யூ எம்3 காரின் இஞ்சின் நிமிடத்திற்கு 8,000 சுற்றுகள் வரை போகக்கூடியது. அதற்கு 10டபிள்யூ-60 என்ற தடிப்பான எண்ணெயைத் தயாரிப்பாளரே குறிப்பிட்டார். கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வேறோர் எண்ணெயை அதில் ஊற்றுகிறவர், சிறிய தொகையை மிச்சப்படுத்தப் போய் இஞ்சினையே பணயம் வைக்கிறார்.

முகவர் பக்கத்து நியாயம்

முகவரிடம் கட்டும் பணம் எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் மட்டுமல்ல. தயாரிப்பாளரின் சோதனைக் கணினி, அந்த வகைக் காருக்கென்றே பயிற்சி பெற்ற பணியாளர், தயாரிப்பாளர் அவ்வப்போது அனுப்பும் தொழில்நுட்பக் குறிப்புகள் ஆகியவை அங்கே இருக்கின்றன. மேலே சொன்ன எம்3 கார்களையே பாருங்கள். தொடக்க ஆண்டுகளில் தயாரானவற்றில் இஞ்சினுக்குள் இருக்கும் பேரிங்குகள் தேய்ந்து போகும் சிக்கல் எழுந்தது. தயாரிப்பாளர் அவற்றைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தார். வீட்டிலேயே எண்ணெய் மாற்றிக்கொண்டு, முகவர் பக்கமே போகாத ஒருவருக்கு இந்தச் செய்தி எட்டாமலே போயிருக்கலாம்.

இரண்டாவது, பதிவேடு. காரை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது, "சர்வீஸ் புத்தகம் இருக்கிறதா?" என்பதுதான். முகவரின் முத்திரை வரிசையாக விழுந்திருக்கும் கார் நல்ல விலைக்குப் போகிறது.

மூன்றாவது, பொறுப்பு. வேலையில் தவறு நேர்ந்தால் கேட்பதற்கு ஒரு முகவரி இருக்கிறது. சொந்தக் கையால் செய்த வேலை தவறினால் யாரைக் கேட்பது?

சொந்தக் கையின் நியாயம்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். முகவரிடம் கொடுத்துவிட்டால் கவலையில்லை என்பது முழு உண்மையல்ல. வரவேற்பு மேசையில் சிரித்துப் பேசுகிறவர் காரைத் தொடப் போவதில்லை. உள்ளே எண்ணெய் மாற்றுவது பல நேரங்களில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பயிற்சிப் பணியாளர்தான். அவருக்கு அது அன்றைய பத்துக் கார்களில் ஒன்று. உரிமையாளருக்கோ அது ஒரே கார். வடிகட்டியைப் பொறுமையாகத் துடைத்து, பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறவர் பெரும்பாலும் உரிமையாளர்தான்.

இப்போது தேவையில்லாத வேலைகளைப் பட்டியலில் சேர்ப்பதும் சில இடங்களில் நடக்கிறது. 'இஞ்சினைக் கழுவ வேண்டும்', 'எரிபொருள் குழாயைச் சுத்தப்படுத்த வேண்டும்' என்று சொல்லும்போது, கார் கையேட்டைப் படிக்காதவர் தலையாட்டிவிட்டு வருகிறார். படித்தவர், "கையேட்டில் இது எந்தக் கிலோமீட்டரில் வருகிறது?" என்று கேட்கிறார். இந்த ஒரு கேள்வியே பல நூறு வெள்ளியை மிச்சப்படுத்தும்.

இன்னொரு நன்மையும் உண்டு. மாதம் ஒரு முறையாவது காரின் முன்மூடியைத் திறந்து பார்க்கிறவருக்கு அதன் இயல்பு பழகிவிடும். எண்ணெய் வழக்கத்தைவிட வேகமாகக் குறைகிறதா, குளிர்விப்பு நீரில் நிற மாற்றம் தெரிகிறதா, ஏதாவது புது வாடை வருகிறதா என்பதை அவர் முன்கூட்டியே உணர்வார். ஆறு மாதத்திற்கு ஒரு முறை காரைப் பார்க்கிற மெக்கானிக்கால் இதைச் செய்ய முடியாது.

உத்தரவாதம் பறிபோகுமா?

பலர் அஞ்சுவது இதற்குத்தான். வெளியே சர்வீஸ் செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மை நிலை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள சட்டத்தின்படி, தனது உதிரிபாகத்தையோ தனது பட்டறையையோ பயன்படுத்தினால்தான் உத்தரவாதம் என்று தயாரிப்பாளர் பொதுவாக நிபந்தனை விதிக்க முடியாது. சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு போட்டித்தன்மை ஆணையம் தலையிட்டது. அதைத் தொடர்ந்து, தங்கள் பட்டறையில் மட்டுமே சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை முக்கியக் கார் முகவர்கள் உத்தரவாதத்திலிருந்து நீக்கினர்.

ஆனால், இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியில் செய்த வேலையால்தான் பழுது வந்தது என்று காட்ட முடிந்தால், அந்தப் பழுதுக்கான கோரிக்கையை முகவர் மறுக்கலாம். மலேசியாவில் காரை வாங்குகிறவர், காரோடு வரும் உத்தரவாதப் புத்தகத்தின் நிபந்தனைகளைக் கையெழுத்திடுவதற்கு முன்பே படிக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பக் கூடாது. உத்தரவாதக் காலம் முடியும் வரை முகவரிடம் செய்வது, முடிந்த பிறகு யோசிப்பது என்பதுதான் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பான வழி. ஆற்றலைக் கூட்டுவதற்காக இஞ்சின் கணினியை மாற்றி எழுதியவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. அந்த இஞ்சின் பழுதானால் முகவர் கையை விரித்துவிடுவார்.

ரீகண்டிஷன் காரின் தனிச் சிக்கல்

நமது நாட்டில் ஓடும் ஆற்றல்மிக்க ஜப்பானியக் கார்களில் பல, அதிகாரப்பூர்வ முகவர் வழியாக வந்தவை அல்ல. ஜப்பானில் ஒருவர் ஓட்டிய பிறகு, இறக்குமதி உரிமம் பெற்ற வணிகர் மூலம் வந்தவை. அவற்றுக்கு உள்ளூர் முகவரின் உத்தரவாதம் இல்லாமல் இருக்கலாம். அந்த வகை இங்கு விற்கப்படாததால், அதற்கான உதிரிபாகமும் முகவரிடம் இல்லாமல் போகலாம். எனவே, 'முகவரா, சொந்தக் கையா?' என்ற கேள்வியே இவர்களுக்குச் சற்று மாறிவிடுகிறது.

இத்தகைய காரை வாங்கியவர் முதலில் மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, எரிபொருள். ஜப்பானில் உயர்தரப் பெட்ரோல் ஏறக்குறைய ரோன் 100 அளவில் விற்கப்படுகிறது. எஸ்டிஐ போன்ற கார்களின் இஞ்சின் அந்தப் பெட்ரோலுக்காகவே அமைக்கப்பட்டது. அதில் ரோன் 95 ஊற்றி ஓட்டினால், பெட்ரோல் உரிய நேரத்திற்கு முன்பே வெடித்து இஞ்சின் தட்டத் தொடங்கும். இந்தத் தட்டல் நீடித்தால் பிஸ்டனின் விளிம்பு உடைந்துபோகும். எத்தனை முறை எண்ணெய் மாற்றினாலும் இதைத் தடுக்க முடியாது. பெட்ரோல் நிலையத்தில் மிச்சம் பிடித்து, பட்டறையில் இரட்டிப்பாகக் கொடுப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

இரண்டாவது, டைமிங் பெல்ட். இந்த இஞ்சினின் பெல்ட் நான்கு கேம் தண்டுகளையும் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து இயக்குகிறது. ஏறத்தாழ 100,000 கிலோமீட்டரில் அதை மாற்ற வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். இஞ்சினைப் பிரித்துத்தான் சரிசெய்ய முடியும். மீட்டரில் 60,000 என்று காட்டுகிறது, இன்னும் காலம் இருக்கிறது என்று அமைதியடையக் கூடாது. பழைய காரின் மீட்டர் உண்மையைச் சொல்கிறது என்பதற்கு உறுதி என்ன? ரப்பர் கிலோமீட்டரால் மட்டுமல்ல, வயதாலும் கெடும். சர்வீஸ் பதிவேடு கையில் இல்லாத காருக்கு, வாங்கியவுடன் பெல்ட்டை மாற்றிவிடுவதே சிக்கனம்.

மூன்றாவது, உயிரைப் பற்றியது. தகாட்டா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகளில், பையை ஊதச் செய்யும் இரசாயனம் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் கெட்டுப்போனது. அப்படிக் கெட்டுப்போன கருவி விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து, இரும்புத் துண்டுகளைப் பயணிகள் மீது வீசியது. மலேசியாவைப் போன்ற வெப்பமும் ஈரமும் நிறைந்த நாடுகளில் இந்த ஆபத்து அதிகம். 2014ஆம் ஆண்டு ஜூலை மாதம் சரவாக், சிபுவில் நடந்த ஒரு விபத்தில் கர்ப்பிணிப் பெண் ஒருவர் இப்படித்தான் உயிரிழந்தார். அவர் வயிற்றிலிருந்த குழந்தையையும் காப்பாற்ற முடியவில்லை. பல நிறுவனங்களின் கார்கள் உலகெங்கும் திரும்ப அழைக்கப்பட்டன. இம்பிரெஸா கார்களும் அவற்றில் அடங்கும். தகாட்டா நிறுவனம் 2017ஆம் ஆண்டு திவாலானது. ஆனால், அது தயாரித்த காற்றுப்பைகள் இன்னும் சில பழைய கார்களுக்குள் உறங்கிக்கொண்டிருக்கின்றன.

திரும்ப அழைக்கும் கடிதம், பதிவில் இருக்கும் உரிமையாளருக்குத்தான் போகும். ஜப்பானில் ஒருவர் பெயரிலிருந்து இங்கே மூன்றாவது கைக்கு வந்துவிட்ட காருக்கு அந்தக் கடிதம் எப்படி வரும்? ஆகவே, எல்லா வேலையையும் வீட்டிலேயே செய்கிறவர்கூட, காரின் சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு ஒருமுறை அந்த நிறுவனத்தின் முகவரை நாட வேண்டும். "இந்த எண்ணுக்குத் திரும்ப அழைப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். இதை எந்த ஸ்பேனராலும் செய்ய முடியாது.

எல்லைக் கோடு எங்கே?

வீட்டில் செய்யக்கூடிய வேலை எது, கூடாத வேலை எது என்பதைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. 'இந்த வேலையில் தவறு செய்தால், அது எப்போது தெரியவரும்?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும் என்றால், கற்றுக்கொண்டு செய்யலாம். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில்தான் தெரியும் என்றால், தேர்ந்தவர் கையில் விட்டுவிட வேண்டும்.

எண்ணெய் அளவு, குளிர்விப்பு நீர், டயர்க் காற்று, காற்று வடிகட்டி, குளிரூட்டி வடிகட்டி, வைப்பர், விளக்குகள் ஆகியவை முதல் வகை. இவற்றைப் பார்க்கத் தெரியாத உரிமையாளர் இருக்கவே கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்று இருந்தால் அது 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பூ தேயாமல் புதிதுபோல் தெரியும் டயர் பத்து ஆண்டு பழையதாக இருக்கலாம். ரீகண்டிஷன் கார் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எண்ணெய் மாற்றுவது இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. பொறுமையும் கருவியும் உள்ளவர் செய்யலாம். ஆனால், சில நுணுக்கங்கள் உண்டு. பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியதைப் பொருத்திவிட்டால், வண்டி ஓடும்போது எண்ணெய் பீய்ச்சி அடித்து வெளியேறும். வடிகால் திருகின் வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். திருகைக் கை வலிமையைக் காட்டி இறுக்கினால் மரை கழன்றுவிடும். கையேட்டில் சொன்ன அளவுக்கு, அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். முடிந்ததும் இஞ்சினை ஓடவிட்டு, கசிவு இருக்கிறதா என்று பார்த்து, நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவுகோலை உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைவதைப் போலவே கூடுதலாவதும் கெடுதல்தான்.

பிரேக் இரண்டாம் வகை. பிரேக் பட்டையின் தடிப்பைச் சக்கர இடைவெளி வழியாகப் பார்ப்பது எல்லாரும் செய்யக்கூடியது. பிரேக் எண்ணெய்க் குழாயைக் கழற்றுவதோ வேறு கதை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டிஓடி 4 என்ற வகையின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 பாகைதான். கெந்திங் மலையிலிருந்து தொடர்ந்து பிரேக் மிதித்தபடி இறங்குகிற காரை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்துவிட்டால், பிரேக் மிதி தரைவரை போகும், கார் நிற்காது. எண்ணெயைப் பழையதாகவே விட்டுவைத்தாலும் இது நேரும். மாற்றும்போது குழாயில் காற்றுக் குமிழை விட்டுவிட்டாலும் மிதி அப்படியேதான் இறங்கும். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இதை மாற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

டைமிங் பெல்ட், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் சுருள்கள், உயர் அழுத்த எரிபொருள் குழாய் ஆகியவையும் வீட்டு வேலைகள் அல்ல. காற்றுப்பையின் மஞ்சள் நிற இணைப்புகளையும், ஹைபிரிட் கார்களின் ஆரஞ்சு நிற மின்கம்பிகளையும் பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது. அந்த ஆரஞ்சுக் கம்பிகளில் ஓடும் மின்சாரம் ஆளைக் கொல்லக்கூடியது. புதிய கார்களில் எளிதாகத் தோன்றும் வேலைகளும் மாறிவிட்டன. சில ஐரோப்பியக் கார்களில் பேட்டரியை மாற்றினால் அதைக் கணினியில் பதிவு செய்ய வேண்டும். மின்சாரக் கைப்பிரேக் உள்ள கார்களில், பின் பிரேக் பட்டையை மாற்றுவதற்கு முன் கணினி வழியாக அதை விலக்கிவைக்க வேண்டும். வலுக்கட்டாயமாகத் தள்ளினால் பட்டையோடு மோட்டாரும் போய்விடும்.

சோதனைக் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு தாமே மருத்துவராகிவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. கருவி காட்டுவது குறியீட்டை மட்டும்தான். 'பெட்ரோல் கலவை குறைவு' என்று அது சொன்னால், காற்றுக் குழாயில் பிளவு இருக்கலாம், பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம், உணர்கருவி அழுக்கேறியிருக்கலாம். காய்ச்சல் இருக்கிறது என்று சொல்வது வெப்பமானி. நோய் என்ன என்று சொல்வது மருத்துவர்.

ஜாக்கியை நம்பாதீர்

வீட்டில் காரைப் பழுதுபார்க்கையில் உயிருக்கே உலை வைப்பது ஜாக்கி. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. அதன் மேல் நிற்கும் காருக்கு அடியில் எவரும் தலையை நுழைக்கக் கூடாது. சமமான சிமெண்டுத் தரையில், சக்கரங்களுக்குத் தடை வைத்து, கையேடு காட்டும் இடங்களில் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, காரை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். வீட்டில் வேறு ஒருவர் இருக்கும்போது மட்டும் இந்த வேலையைச் செய்வது நல்லது. சிறு பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆனாலும் திறந்து முகம் வெந்தவர்கள் இருக்கிறார்கள்.

வடித்த எண்ணெய் என்னவாகிறது என்பதும் ஒரு கேள்வி. இரவோடு இரவாக வீட்டுக்கு முன்னால் உள்ள கால்வாயில் ஊற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கால்வாய் ஆற்றில் போய்ச் சேருகிறது. நாட்டின் 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிமுறைகள், பயன்படுத்திய இஞ்சின் எண்ணெயை அட்டவணைக் கழிவுகளில் எஸ்டபிள்யூ 305 என்ற குறியீட்டின்கீழ் வைத்திருக்கின்றன. பழைய எண்ணெயை மூடியுள்ள கலனில் ஊற்றி, கழிவு எண்ணெயை ஏற்கும் பட்டறையிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு வழி செய்துகொள்ள முடியாதவர், எண்ணெய் மாற்றும் வேலையைத் தொடாமல் இருப்பதே நாட்டுக்குச் செய்யும் நன்மை.

மூன்றாவது வழி

முகவருக்கும் சொந்தக் கைக்கும் இடையில் இன்னொரு வழி இருக்கிறது. அந்த வகைக் கார்களை மட்டுமே பார்க்கிற தனியார் பட்டறைகள் பெரிய நகரங்களில் உள்ளன. ரீகண்டிஷன் கார் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இவைதான் துணை. ஆனால், சுவரில் பந்தயக் கார் படம் ஒட்டியிருப்பதாலேயே ஒருவர் நிபுணராகிவிட மாட்டார். சேர்வதற்கு முன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இதே வகைக் காரில் இந்த வேலையை முன்பு செய்திருக்கிறாரா? தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கையேடு அவரிடம் இருக்கிறதா? வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுதித் தருவாரா? கழற்றிய பழைய பாகத்தையும் புதிய பாகத்தின் பெட்டியையும் காட்டுவாரா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்கிற பட்டறை கிடைத்தால் அதை விடக்கூடாது.

எங்கே செய்தாலும் சீட்டை வாங்கி வைக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, பயன்படுத்திய எண்ணெயின் வகை ஆகியவற்றை எழுதிவர வேண்டும். சொந்தமாகச் செய்கிறவர்கள் எண்ணெய், வடிகட்டி வாங்கிய ரசீதுகளையும் அதில் ஒட்டி வைக்கலாம். காரை விற்கும் நாளில் முகவரின் முத்திரைக்கு ஓரளவு ஈடுசெய்வது இந்த நோட்டுப் புத்தகம்தான்.

வேலையில் குறை நேர்ந்தால் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை வழங்குகிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும் என்கிறது. முகவருக்கும் பொருந்தும், மூலைப் பட்டறைக்கும் பொருந்தும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, வழக்கறிஞர் இல்லாமலேயே தாக்கல் செய்யலாம். அங்கே உரக்கப் பேசுகிறவரின் குரல் எடுபடாது; சீட்டும் மதிப்பீடும் வைத்திருப்பவரின் சொல்தான் எடுபடும்.

கையில் ஸ்பேனர் இல்லாவிட்டாலும்

முகவரிடம் கொடுப்பவர் சோம்பேறியும் அல்லர். சொந்தமாகச் செய்பவர் கஞ்சனும் அல்லர். தமது காரைப் பற்றி எதுவுமே தெரியாமல், சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறவரும், ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு பிரேக்கைக் கழற்றுகிறவரும் செய்வது ஒரே தவறுதான். இருவருமே கையேட்டைத் திறக்கவில்லை.

காரின் கையேட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தால் போதும். எந்த எண்ணெய், எந்தப் பெட்ரோல், எத்தனை கிலோமீட்டருக்கு என்ன வேலை என்பது தெரிந்துவிடும். ஜப்பானிய மொழியில் மட்டும் கையேடு உள்ள காருக்கு, அதே வகைக்கான ஆங்கிலக் கையேட்டைத் தேடி வாங்குவது கூடுதல் செலவல்ல. கோலாலம்பூர் நெரிசலில் தினமும் நின்று நின்று போகிற கார், கையேடு 'கடுமையான பயன்பாடு' என்று குறிப்பிடும் வகையைச் சேர்ந்தது என்பதும், அதற்குரிய கால இடைவெளி குறைவு என்பதும் அப்போதுதான் புரியும்.

ஸ்பேனரைப் பிடிப்பது யார் என்பதைக் கைத்திறனும் வசதியும் முடிவு செய்யட்டும். காரைப் பற்றித் தெரிந்துகொள்ளும் கடமையை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க முடியாது. 280 குதிரைகளை வாங்கியவர், கடிவாளம் எங்கே இருக்கிறது என்பதையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும்.